ஊன்றுகோலை வைத்துவிட்டுக் குதிரையேறிய மாது

குதிரை என்றதும் நமது வாசகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பந்தயமாகவே இருக்கும். சித்திரை மாதத்திலே நுவரெலியாவுக்குச் சென்று வந்தவர்கள் அங்கு புழுதி பறக்க ஓடும் குதிரைகளைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். வடபுலத்தவர்க்கு நெடுந்தீவின் வெட்டவெளியில் மேய்ந்து திரியும் மட்டக் குதிரைகள் கண்முன் நிற்கும். ஓடிப் பரிசு பெறும் குதிரையையும் தாண்டிப் பரிசு பெறும் குதிரையையும் நாம் அறிவோம். ஆனால் ஓடாமலும் தாண்டாமலும் நடந்து காட்டியே பரிசு பெறும் குதிரையும் உலகில் உண்டு என்றால் நம்மவர் பலர் வியப்படைவர்.

மேல்நாட்டார் இக்கலையை 'டிரெஸாஜ்' என வழங்குவர். இது ஒரு பிரெஞ்சுச் சொல். பழக்குதல் என்பதே அதன் பொருள். பெயரிலே பகட்டு ஒன்றும் இல்லை. வேலையிலேதான் எல்லாம் இருக்கிறது.

அறுபது மீற்றர் நீளமும் இருபது மீற்றர் அகலமும் கொண்ட மணற் களம். சுற்றிலும் முழங்காலளவு உயரமான வெண்ணிற வேலி. வேலியோரத்தில் ஆங்காங்கே எழுத்துப் பொறித்த பலகைகள். குதிரையும் அதன் மேல் ஒருவரும் உள்ளே வந்து, நடுவில் நின்று, நடுவர்களுக்கு வணக்கம் செலுத்துவர். அதன் பின்னர் ஆறு நிமிடம் அளவில் ஒரு பேச்சு மூச்சு இல்லை. இந்த எழுத்திலிருந்து அந்த எழுத்து வரை குறுக்காகப் பக்கவாட்டில் நடத்தல், பாய்ந்து செல்லும்போதே ஒவ்வோர் அடிக்கும் முன்னங்காலை மாற்றி மாற்றி வைத்தல், ஒரு தட்டின் அளவான இடத்திற்குள் பின்னங்கால்களை ஊன்றி உடலைச் சுழற்றுதல் என்று குறித்த ஒழுங்கில் யாவும் நடந்தேறும். இவற்றுள் சிகரமானது 'பியாஃப்' எனப்படுவது. குதிரை முன்னே ஓர் அங்குலமும் செல்லாது நின்ற இடத்திலேயே தாளம் பிசகாமல் துள்ளுநடை போட வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் பூச்சியம் முதல் பத்து வரை புள்ளி உண்டு. குதிரையின் முகத்திலே மருட்சி தெரிந்தால் புள்ளி குறையும். வால் கோபத்தோடு சுழன்றாலும் குறையும்.

இதில் இன்னொரு விசித்திரம். மேலே இருப்பவர் ஒன்றும் செய்யாததுபோலத் தோன்ற வேண்டும். காலால் உதைப்பதும் கடிவாளத்தை வெட்டி இழுப்பதும் கண்ணுக்குப் புலப்பட்டால் அது குறையாகும். முதுகெலும்பைச் சற்றே நிமிர்த்துதல், உடற்பாரத்தை ஒரு பக்கம் சிறிது சாய்த்தல், கெண்டைக்காலால் மெல்ல ஒற்றுதல், விரலை ஒரு தரம் மூடித் திறத்தல் ஆகியவையே குதிரைக்கும் மனிதருக்கும் இடையிலுள்ள மொழி. இந்த மொழியைக் கற்பிப்பதற்குத்தான் ஆண்டுகள் செல்கின்றன.

எத்தனை ஆண்டுகள்?

பொதுவாக மூன்று நான்கு வயதில் குதிரையின் முதுகில் முதன்முதலாகச் சேணம் ஏறுகிறது. ஒலிம்பிக் தரத்திலான உயர்ந்த போட்டிக்கு அது தகுதியாகும்போது எட்டு வயதும் ஆகலாம், பத்து வயதும் ஆகலாம். இடையில் உள்ள ஐந்தாறு ஆண்டுகளும் நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்கு மேற்படாத பயிற்சி. அதற்கு மேல் போனால் குதிரை சலித்துவிடும். சலித்த குதிரை கற்காது.

பரதநாட்டியம் பயிலும் பிள்ளைகளின் தாய்மார் இதனை எளிதிற் புரிந்துகொள்வர். அரைமண்டியில் சரியாக அமர்வதற்கே ஒரு பிள்ளைக்கு எவ்வளவு காலம் பிடிக்கிறது! குதிரைக்கும் அஃதே. இயல்பாகக் குதிரை தன் பாரத்தின் பெரும்பகுதியை முன்னங்கால்களிலேயே தாங்குகிறது. அதன் மீது ஓர் ஆளும் ஏறிக்கொண்டால் முன்புறம் இன்னும் பாரமாகிறது. அப்பாரத்தைப் பின்னுக்கு வாங்கி, பின்னங்கால் மூட்டுகளை மடித்து, இடுப்பைத் தாழ்த்தி, முன்புறத்தை இலேசாக்கிக் கொள்ளக் கற்பதுதான் இப்பயிற்சி முழுவதும். தசை வலுப்பெறாத முன் அவசரப்படுத்தினால் மூட்டு கெடும். மூட்டுக் கெட்ட குதிரைக்கு எந்தப் பொன்னாலும் லாடம் அடித்துப் பயனில்லை.

போகட்டும், ஆண்டுகள் கழிந்தால் வெற்றி நிச்சயமா என்றால் அதுவும் இல்லை. நேற்றுப் பட்டுப்போல் செய்த குதிரை இன்று மரம்போல் நிற்கும். பார்வையாளர் ஒருவர் குடையை விரித்தால் போதும். ஆறு ஆண்டு உழைப்பும் ஆறு நொடியில் வேலிக்கு அப்பால் போய்விடும். ஒற்றைக் கால் நொண்டினால் அந்தப் பருவமே கைநழுவிப் போகும். கிரேக்க தேசத்து செனபோன், கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் குதிரைப் பயிற்சி பற்றி ஒரு நூல் இயற்றினார். சினங்கொண்ட மனத்தோடு குதிரையை அணுகலாகாது என்பது அவர் வற்புறுத்திய கருத்துகளுள் ஒன்று. இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் இந்தப் பாடத்தை முற்றாகப் படித்து முடித்தவர் சிலரே எனலாம்.

அதிகாரிகளின் ஆடுகளம்

ஐரோப்பாவில் இக்கலை நெடுங்காலம் அரண்மனையிலும் படைமுகாமிலுமே வளர்ந்தது. ஆதலால் ஒலிம்பிக்கிலும் 1948 ஆம் ஆண்டு வரை இராணுவ அதிகாரிகளுக்கே இடம். பெண்களுக்கு இடமில்லை. அதிகாரி நிலையில் இல்லாத சாதாரணப் படைவீரனுக்கும் இடமில்லை.

இந்த விதியால் விளைந்த கூத்து ஒன்றைச் சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. 1948 இல் இலண்டன் நகரில் சுவீடன் நாட்டுக் குழுவினர் தங்கப் பதக்கம் வென்றனர். அவர்களுள் ஒருவரான கெனால் பெர்சன் உண்மையில் ஒரு சார்ஜன்ட். போட்டியில் சேர்ப்பதற்காகவே அவரை லெப்டினன்டாக உயர்த்தி, போட்டி முடிந்ததும் பழையபடி சார்ஜன்ட் ஆக்கிவிட்டார்கள். விஷயம் வெளியாயிற்று. 1949 இல் சுவீடனின் தங்கம் பறிக்கப்பட்டுப் பிரான்சுக்கு வழங்கப்பட்டது. அவருடைய குதிரை ஆடிய ஆட்டத்தில் குறையில்லை. அவர் தோளில் இருந்த பட்டியில்தான் குறை! இந்த நகைப்புக்கிடமான நிலை பலரையும் உறுத்தியிருக்க வேண்டும். 1952 இல் ஹெல்சிங்கியில் நடைபெற்ற ஒலிம்பிக்கில் கதவு திறந்தது. படைவீரர், குடிமக்கள், ஆடவர், பெண்டிர் என்ற பேதமின்றி அனைவரும் இக்களத்தில் இறங்கலாம் என்றாயிற்று. சார்ஜன்ட் பெர்சனும் வந்தார். அதே மூவர் கொண்ட சுவீடன் குழு மீண்டும் தங்கம் வென்றது.

அவ்வாண்டு அக்களத்தில் முதன்முதலாக இறங்கிய பெண்கள் நால்வர். அவருள் ஒருவரே டென்மார்க் நாட்டைச் சேர்ந்த திருமதி லிஸ் ஹார்ட்டெல்.

இருபத்து மூன்று வயதில் வந்த இடி

லிஸ் அம்மையார் 1921 இல் பிறந்தவர். இளவயது முதலே குதிரையோடு பழகியவர். 1943, 1944 ஆகிய இரு ஆண்டுகளிலும் தம் நாட்டின் டிரெஸாஜ் பட்டத்தை வென்றவர். மணமாகி ஒரு குழந்தைக்குத் தாயாகி, இரண்டாவது குழந்தையை வயிற்றில் சுமந்திருந்த வேளை. 1944 செப்டெம்பர் மாதத்தில் தலையிடியும் கழுத்துப் பிடிப்பும் கண்டன. வந்தது இளம்பிள்ளை வாதம்.

போலியோ எனப்படும் அந்நோய்க்கு அந்நாளில் தடுப்பு மருந்து கிடையாது. அமெரிக்க மருத்துவர் ஜோனாஸ் சால்க்கின் ஊசி பொதுப் பாவனைக்கு வந்தது 1955 இலேதான். நோய் அம்மையாரின் உடலைக் கட்டிப் போட்டது. கருவிலிருந்த பிள்ளைக்கு என்ன நேருமோ என்ற பயம் வேறு. பிள்ளை நலமாகப் பிறந்தது; பெண் குழந்தை. தாய்க்கோ கையைத் தூக்குவதே பெரும்பாடாக இருந்தது. தம் தாயாரினதும் கணவரினதும் துணையுடன் முதலில் கையை அசைக்கவும், பின்பு தவழவும், அதன் பின்பு ஊன்றுகோல்களைப் பிடித்து நிற்கவும் கற்றார். மடியில் ஒரு குழந்தை தவழப் பழகும் அதே காலத்தில் தாயும் தவழப் பழகுவதென்றால், அந்த வீட்டின் நிலையைத் தாய்மாரான நமது வாசகியர்க்கு விரித்துரைக்கவும் வேண்டுமோ!

கைகளும் தொடைகளும் ஓரளவு தேறின. முழங்காலுக்குக் கீழே மட்டும் உயிர் திரும்பவில்லை. ஊன்றுகோல்களுடன் நடமாடுவதே பெரிய காரியம் என்று மருத்துவர்கள் எண்ணினர். அம்மையாரோ லாயத்தின் பக்கம் திரும்பினார்.

மேலே நாம் சொன்னதை வாசகர்கள் நினைவுபடுத்திக் கொள்ள வேண்டும். கெண்டைக்காலின் மெல்லிய ஒற்றுதல் இக்கலையின் மொழியில் பாதி. அந்தப் பாதியைத்தான் நோய் கொண்டுபோய்விட்டது. வேறொரு விளையாட்டாயின் குறையை வேகத்தால் ஈடுசெய்யலாம், வலிமையால் ஈடுசெய்யலாம். இங்கு அவ்வழி அடைபட்டிருந்தது. எஞ்சியிருந்தவை முதுகும் இடுப்பும் உடற்பாரமுமே. ஜூபிலி என்னும் பெண் குதிரைக்கு அம்மையார் அந்த எஞ்சிய பாதியைக்கொண்டே முழுமொழியையும் கற்பிக்க வேண்டியிருந்தது. தூக்கி ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் ஆள் வேண்டும். சேணத்தின் மேல் அமர்ந்த பின்னர் சமநிலையைப் புதிதாகக் கற்க வேண்டும். குதிரையும் புதிதாகக் கற்க வேண்டும். வழக்கமாகக் காலிலிருந்து வரும் ஏவலை அது இனி முதுகில் உணரும் பாரத்தின் சாய்விலிருந்து அறிந்துகொள்ள வேண்டும். ஜூபிலி அறிந்துகொண்டது. 1947 இல் ஸ்கந்திநேவிய நாடுகளின் போட்டியிலே அம்மையார் இரண்டாம் இடம் பெற்றார்.

குதிரை குணமறிந்தல்லவோ தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை என்று நம்மவர் சொல்வதுண்டு. ஜூபிலியின் கதையைக் கேட்டபின் அப்பழமொழியைச் சொல்ல நமக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

அரைப் புள்ளி

ஹெல்சிங்கியில் முதலிடம் பெற்றவர் சுவீடன் நாட்டு ஹென்றி செயின்ட் சிர். அவருக்கு 561 புள்ளி. ஹார்ட்டெல் அம்மையாருக்கு 541.5. மூன்றாமவரான பிரான்சு நாட்டு ஆந்திரே ஜூசோமுக்கு 541. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் இடையில் அரைப் புள்ளி! ஜூசோம் சாதாரணமானவர் அல்லர். அதற்கு முந்திய ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர்.

பதக்கம் பெறும் மேடைக்கு ஏறும் வேளையில் செயின்ட் சிர் தாமே முன்வந்து அம்மையாரைத் தாங்கி மேடைமேல் நிறுத்தினார். குதிரையின் மேல் கண்டபோது குறையேதும் தெரியாத அந்த மாது தனித்து நிற்க இயலாதவர் என்பதைப் பார்வையாளர் பலரும் அப்போதுதான் உணர்ந்தனர். குதிரையேற்றத்தில் ஆடவருடன் சரிசமமாகப் போட்டியிட்டுத் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதற் பெண்மணி அவரே.

நான்காண்டுகள் கழிந்தன. 1956 ஆம் ஆண்டு ஒலிம்பிக் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் நடைபெற்றது. ஆனால் வெளிநாட்டுக் குதிரைகளை நீண்ட காலம் தனிமைப்படுத்தியே உள்ளே விடுவோம் என்று அந்நாட்டுச் சட்டம் கண்டிப்பாய் நின்றபடியால், குதிரைப் போட்டிகள் மட்டும் சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரில் நடைபெற்றன. மீண்டும் அதே செயின்ட் சிர் தங்கம்; மீண்டும் அதே ஜூபிலியும் ஹார்ட்டெல் அம்மையாரும் வெள்ளி. இம்முறை 860 க்கு 850. பத்தே புள்ளி.

இந்தப் பத்துப் புள்ளியைப் பற்றி நமக்கு ஒரு மனக்குறை உண்டு. அந்தப் போட்டியிலே சுவீடன் நடுவர் சுவீடன் வீரர் மூவரையே முதல் மூன்று இடங்களில் வைத்தார்; ஜேர்மன் நடுவர் ஜேர்மானியர் மூவரையே முதல் மூன்று இடங்களில் வைத்தார். பின்னர் இருவரும் நடுவர் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டனர். 1960 இல் ரோமாபுரியில் நடந்த ஒலிம்பிக்கில் இதற்குக் குழுப் போட்டியே இல்லாமற் போயிற்று. செயின்ட் சிர் பெருந்தகை. அவருடைய தங்கத்தை ஐயுறுவது நம் நோக்கமன்று. ஆயினும் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அந்தக் களத்தில் பரிந்து பேச யார் இருந்தார்கள் என்ற கேள்வி எழாமல் இருக்க முடியவில்லை. ஓட்டப் பந்தயத்துக்குக் கடிகாரம் சாட்சி. அழகுக்குச் சாட்சி மனிதக் கண் ஒன்றே.

விலைக்கு வாங்க முடியாதது

ஜூபிலியும் அதன் எசமானியும் போன்ற இணைப்பு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை என்பதற்கு நமது காலத்திலேயே ஒரு சான்று உண்டு. 2000 ஆம் ஆண்டிலே ஒல்லாந்தில் பிறந்த டோட்டிலாஸ் என்னும் கரிய ஆண் குதிரை. எட்வர்ட் ஹால் என்பவர் அதைச் செலுத்தியபோது 2009 இல் இலண்டனில் 92.30 விழுக்காடு பெற்று உலகையே திகைக்க வைத்தது. 2010 இல் அமெரிக்காவின் கென்டக்கியில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கங்களையும் அள்ளிக்கொண்டது. அவ்வாண்டே அக்குதிரை ஜேர்மனிக்கு விற்கப்பட்டது. விலை வெளியிடப்படாவிட்டாலும் மலைக்க வைக்கும் தொகை என்றே பேசப்பட்டது. புதிய வீரர் மத்தியாஸ் ராத் திறமைசாலியே. ஆனால் பழைய மாயம் திரும்பவில்லை. காயங்கள் தொடர்ந்தன. 2012 ஒலிம்பிக்கிற்கு வீரர் நோயுற்றார். 2015 இல் ஆக்கன் நகரப் போட்டியில் குதிரையின் நடை பிசகியதைக் கண்டோர் வருந்தினர். அத்தோடு அதன் போட்டி வாழ்வு முடிந்தது. 2020 இல் வயிற்று நோவினால் இறந்தது. காசு கொடுத்தவர்கள் குதிரையைத்தான் வாங்கினார்கள். அதற்கும் ஹால் என்பவருக்கும் இடையில் இருந்த பேச்சை வாங்க முடியவில்லை.

ஒல்லாந்து தேசத்து அடெலின்டே கோர்னெலிசன் என்னும் வீராங்கனையின் அனுபவம் இன்னொரு வகை. அவருடைய பார்சிவல் என்ற குதிரை 2010 இல் கென்டக்கிக் களத்திலே நாக்கைக் கடித்துக்கொண்டது. வாயில் இரத்தம் கண்ட நடுவர் மணியடித்து வெளியேற்றினார். இரண்டாண்டுகள் கழித்து இலண்டன் ஒலிம்பிக்கில் அதே குதிரை வெள்ளிப் பதக்கம் பெற்றது. 2016 இல் றியோ நகரிலே, பார்சிவலுக்கு வயது பத்தொன்பது. பூச்சிக் கடி என்று கருதப்பட்டது. முகம் வீங்கிக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் தணிந்து மருத்துவர்கள் அனுமதித்தபின், தம் நாட்டுக் குழுவை எண்ணிக் களமிறங்கினார். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே குதிரை தன் வழக்கமான நிலையில் இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. நடுவழியில் நிறுத்தி, வணக்கம் செலுத்திவிட்டு வெளியேறினார். ஒல்லாந்துக் குழு நான்காம் இடத்தோடு வெறுங்கையாகத் திரும்பியது. பதக்கம் போயிற்றே என்று அவரைக் குறை கூறியவரும் உண்டு. நாம் அக்கட்சியைச் சேர்ந்தவரல்லேம்.

எல்லாரும் அவ்வாறு நிறுத்துவதில்லை என்பதும் உண்மை. குதிரையின் தலையை வலிந்து மார்போடு வளைத்துப் பழக்கும் முறைக்கு எதிராகப் பெரும் எதிர்ப்பு எழுந்து, 2010 இல் சர்வதேசச் சம்மேளனம் அதனைத் தடுத்தது. 2024 இல், மூன்று ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற ஆங்கில வீராங்கனை சார்லட் டுஜார்டின், பயிற்சியொன்றில் குதிரையின் கால்களில் சாட்டையால் மீண்டும் மீண்டும் அடித்த காட்சி வெளிப்பட்டு, பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலகினார். ஓராண்டுத் தடையும் பெற்றார். களத்தில் தெரியும் அழகு லாயத்தில் எவ்வாறு பிறந்தது என்று கேட்கும் உரிமை பார்ப்பவர்க்கு உண்டென்பதை உலகம் இப்போதுதான் மெல்ல ஒப்புக்கொள்கிறது.

குழந்தைகளின் குதிரைகள்

ஹார்ட்டெல் அம்மையாரின் வெள்ளிப் பதக்கத்தைக் கண்டு முதலில் விழித்துக்கொண்டவர்கள் மருத்துவத் துறையினர். ஐம்பதுகளிலேயே நோர்வேயிலும் டென்மார்க்கிலும் இளம்பிள்ளை வாதத்தால் நலிந்த குழந்தைகளைக் குதிரை மேலேற்றிப் பயிற்சியளிக்கத் தொடங்கினர். இதில் மந்திரம் எதுவும் இல்லை. குதிரை நடக்கையில் அதன் முதுகு முன்னும் பின்னும், மேலும் கீழும், பக்கங்களிலும் அசைகிறது. அந்த அசைவு மேலே இருப்பவரின் இடுப்பை, மனிதர் நடக்கும்போது அசைவது போலவே அசைக்கிறது. நடந்தறியாத பிள்ளையின் உடல் நடையின் தாளத்தை அங்கே உணர்கிறது. அம்மையாரும் இப்பணிக்குத் தம்மை ஈடுபடுத்திக் கொண்டார். ஒல்லாந்தில் அவர் பெயரிலேயே ஒரு நிறுவனம் உண்டு. 2009 பெப்ரவரியில், 87 ஆம் வயதில் அவர் காலமானார்.

1996 இல் அத்லாந்தா நகரில் நடந்த பராலிம்பிக் போட்டிகளில் டிரெஸாஜும் இடம்பெற்றது. இன்று அது உடற்குறையின் அளவுக்கேற்ப ஐந்து பிரிவுகளாக நடைபெறுகிறது. முதற் பிரிவினர் மிகக் கடுமையான குறையுடையோர். அவர்களுடைய குதிரைகள் தொடக்கம் முதல் முடிவுவரை வெறும் நடையிலேயே தங்கள் திறமையைக் காட்டுகின்றன. பிரித்தானிய வீரர் லீ பியர்சன் பிறவியிலேயே கைகால் மூட்டுகள் இறுகியவர். அவர் வென்றுள்ள பராலிம்பிக் தங்கங்கள் 14. களத்தின் நடுவே வணக்கம் செலுத்தும்போது ஆடவர் தொப்பியைக் கழற்றுவதும், பெண்டிர் ஒரு கையைத் தாழ்த்துவதும் பழைய மரபு. கடிவாளத்திலிருந்து கையை எடுக்க இயலாதவர்களுக்கு இங்கே விலக்கு உண்டு. அவர்கள் தலையை மட்டும் சற்றே தாழ்த்துவார்கள். நடுவரும் எழுந்து பதில் வணக்கம் செய்வார். குதிரை அசையாமல் நின்றுகொண்டிருக்கும்.